திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதம்

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பேருந்தில் நானும் என் மனைவியும் போய்க்கொண்டிருந்தோம். கோயம்புத்தூரில் அவளுடைய சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்தப் பேருந்தில், காட்டேரி தாண்டி பர்லியார் வருவதற்குள், கையிலிருந்த போனை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியம் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

குன்னூரில் கம்ப்யூட்டர் விற்று, பழுது பார்த்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. முதலாளியும் நானே, வேலைக்காரனும் நானே. எங்கள் மலையில் இந்தத் தொழில் செய்வதில் ஒரு கஷ்டம் உண்டு. அரவேணுவில் ஒருவர் கூப்பிடுவார், வெலிங்டனில் ஒருவர் கூப்பிடுவார். பேருந்து பிடித்து, மழையில் நனைந்து, மேடு ஏறிப் போய்ப் பார்த்தால் பிரிண்டர் வயர் கழன்றிருக்கும். அதைச் சொருகிவிட்டுத் திரும்புவதற்குள் அரை நாள் போயிருக்கும்.

கொரோனா சமயத்தில்தான் அந்தச் செயலியைப் பிடித்தேன். வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டு, என் போனிலும் போட்டு, ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டால் போதும். அவர்களுடைய திரை அப்படியே என் உள்ளங்கையில் தெரியும். நான் இங்கே விரலை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். டீக்கடையில் நின்றபடியே கோத்தகிரியில் இருக்கும் கம்ப்யூட்டரைச் சரி செய்வேன். வெலிங்டனில் ஒரு டீச்சரம்மா, யாருமே தொடாமல் அம்பு நகருகிறது, பயமாக இருக்கிறது என்று போனில் சொன்னதைப் பத்துப் பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பேன். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் அருவங்காட்டு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் தண்டவாளத்துக்கு மேல்பக்கம் ஒரு சின்ன வீடு. அவரும் அவர் மனைவியும் மட்டும். குழந்தைகள் இல்லை. ஓய்வு பெற்ற மாதமே என் கடையில் கம்ப்யூட்டர் வாங்கினார். மெஷின்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் பழகியவர் என்பதால் எதையும் ஒழுங்காகச் செய்வார். ஒவ்வொரு வயரிலும் துண்டுக் காகிதம் சுற்றி ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு வைத்திருந்தார். ஒருமுறை மட்டும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டார். உள்ளே எல்லாம் குழம்பிப் போனது. நான் போய்ச் சரி செய்துவிட்டு, என்ன ஆனாலும் ஓடும்போது ஸ்விட்சைத் தொடக் கூடாது என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், பள்ளிப் பையன் மாதிரி தலையாட்டிக்கொண்டார். அடுத்த முறை போனபோது அந்த ஸ்விட்சின் மேல் 'ஓடும்போது அணைக்காதே' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

அதன் பிறகு அவருக்குத் தொண்டையில் வியாதி வந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். வாயசைத்தார், சத்தம் வரவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, இனி போனில் கூப்பிட முடியாது, கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் என்ன செய்வது என்று எழுதிக் காட்டினார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்திலிருந்து வேலை செய்யும்போது, அந்தத் திரையிலேயே நோட்பேடைத் திறந்து வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பவர் அதில் அடிப்பார், இங்கிருந்து நானும் அதிலேயே பதில் அடிப்பேன். ஒரே காகிதத்தில் இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதுகிற மாதிரி. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே சோதித்துப் பார்த்தோம். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார்.

"இனிமே இதுதானுங்க எனக்கு வாயி."

நானும் பெரிதாக உதவி செய்துவிட்ட திருப்தியில் கடையை மூடினேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு நான் ஒருமுறைகூடப் போகவில்லை. போக வேண்டிய தேவைதான் இல்லையே.

ஆவணியில் அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து செய்தி. கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது, இடம் இல்லை என்று சிவப்பாகக் காட்டுகிறது. கடைசியில் ஒரு வரி: 'நேர்ல வந்தா நல்லதுங்க. அவசரம் இல்லீங்க.' பேருந்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு வேலை முடியட்டுமே என்று எனக்குத் தோன்றியது. வர வேண்டியதில்லை, இப்போதே முடித்துவிடுகிறேன் என்று பதில் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். போனை வைத்துவிட்டு வெளியே பாருங்கள், இன்றைக்குமா என்று மனைவி முனகினாள். ஐந்தே நிமிஷம் என்றேன்.

அவர் திரை என் போனில் வந்தது. நோட்பேடு ஏற்கெனவே திறந்திருந்தது. அவர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். நான் வேண்டாத படங்கள், பழைய வீடியோக்கள், எப்போதோ இறக்கிவைத்த கோப்புகள் என்று தேடி அழிக்க ஆரம்பித்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வந்தது. படம் நின்று நின்று நகர்ந்தது. நோட்பேடில் அவர் ஏதோ அடிக்கத் தொடங்கினார். என் போன் திரையில் பாதியை அந்த நோட்பேடு அடைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் மேட்டுப்பாளையமே வந்துவிடும். வேலை முடித்துவிட்டுப் படித்துக்கொள்ளலாம் என்று அதைச் சுருக்கிக் கீழே தள்ளினேன்.

உடனே அம்புக்குறி தானாக இழுபட ஆரம்பித்தது. நான் இந்தப் பக்கம் நகர்த்தினால் அது அந்தப் பக்கம் போனது. அவர் அங்கே மவுஸைப் பிடித்து ஆட்டுகிறார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்தச் செயலியில், எதிர்ப்பக்கம் இருக்கும் மவுஸையும் கீபோர்டையும் வேலை முடியும்வரை பூட்டி வைக்கும் வசதி உண்டு. பூட்டினேன். அம்புக்குறி அடங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் எண்ணிலிருந்து என் போனுக்கு அழைப்பு. பேச முடியாதவர் எதற்கு அழைக்கப் போகிறார், கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துத் துண்டித்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் துண்டித்தேன்.

டெஸ்க்டாப்பின் ஓரத்தில் பெயர்கூட வைக்காத ஒரு கோப்புறை இருந்தது. நியூ ஃபோல்டர். உள்ளே ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை வெறும் எண்களாக நாற்பத்தொரு சின்னக் கோப்புகள். எந்தக் கோப்புக்கும் பெயர் இல்லை என்றால் அது எங்கள் கணக்கில் குப்பை. குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் ஒரேயடியாக அழியும்படி அழித்தேன். சிவப்பாக இருந்த இடம் நீலமாக மாறியது. முடிந்தது, ஒருமுறை அணைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு போனைப் பையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. பர்லியாரில் மனைவிக்கு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கடையைத் திறந்தபோது, படிக்கட்டில் அவருடைய மனைவி குடையோடு உட்கார்ந்திருந்தார். அருவங்காட்டிலிருந்து முதல் பேருந்திலேயே வந்துவிட்டாராம். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர், பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. கணவர் நோட்டில் ஏதேதோ எழுதிக் காட்டுகிறார், தனக்கு ஒன்றும் புரியவில்லை, ரெண்டு நாளாகச் சாப்பாடும் இறங்கவில்லை என்றார்.

"கம்ப்யூட்டரு பேச மாட்டேங்குதுங்க தம்பி. ஸ்பீக்கரு கெட்டுப் போச்சாட்ட இருக்குது. வந்து பாருங்களேன்."

பாட்டு கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு புது ஸ்பீக்கரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவர் எழுந்து நின்றார். ஷேவ் செய்யாத முகம். கம்ப்யூட்டர் இரண்டு நாளாக ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கவே இல்லை. மெஷினில் கோளாறு என்றால் தெரிந்தவன் வரும்வரை தொடக் கூடாது என்பது அவர் ஃபேக்டரியில் பழகிய பழக்கம். நான் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். திரைக்கு வலது பக்கம் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் நம்பர் நம்பராக எழுதியிருந்தார்.

1. டீ. 2. மழை வருது, துணி. 3. கதவைச் சாத்து. 4. மாத்திரை போட்டியா. 5. எங்கே போறே. 6. பாத்துப் போ. இப்படியே கீழே கீழே. 17. சிரிப்பு. 23. கோவம். 30. உப்பு பத்தலை. கடைசியில், 41. சும்மா.

கீழே சுருங்கிக் கிடந்த நோட்பேடைத் திறந்தேன். பேருந்தில் நான் படிக்காமல் தள்ளிவைத்த வரி அப்படியே இருந்தது. 'தம்பி அந்த நியூ ஃபோல்டர் மட்டும் தொட' என்பதோடு நின்றிருந்தது. அந்த எழுத்தில்தான் நான் நோட்பேடைக் கீழே தள்ளி, கீபோர்டையும் பூட்டியிருக்கிறேன்.

ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போவதற்கு முந்தின வாரம், மனைவி ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் போகும் நேரமாகப் பார்த்து, அவர் தனியாக உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். எழுதிக் காட்டினால் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. சைகை காட்டலாம் என்றால், சமையலறையில் திரும்பி நின்று வேலை செய்கிறவருக்குச் சைகை எப்படித் தெரியும்? அதனால் ஒரு நாளில் மனைவியிடம் என்னென்ன பேசுவோம் என்று யோசித்து, நாற்பத்தொரு வார்த்தைகளாகப் பிரித்து வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவர் முன்னறையில் உட்கார்ந்து நம்பரை அழுத்துவார், கம்ப்யூட்டர் அவர் குரலில் பேசும், உள்ளேயிருந்து அந்த அம்மா பதில் சொல்வார். அப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் ஒற்றை விரலால் நோட்பேடில் அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்று நான் ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தேன்.

நாற்பத்தொன்றில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"அவ பேரைச் சொல்லிக் கூப்பிடறதுங்க. காரணம் ஒண்ணும் கெடையாது."

அன்றைக்கு ஸ்விட்சையாவது அணைத்திருக்கலாமே, அணைத்திருந்தால் தப்பியிருக்குமே என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. தப்பு செய்தவன் நான், கேள்வியும் நானே கேட்கிறேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அந்த ஸ்விட்சின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் காட்டினார்.

சமையலறையிலிருந்து அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்து, ஸ்பீக்கர் சரியாகிவிட்டதா என்று கேட்டார். பெரியவர் அவசரமாக நோட்பேடில் அடித்தார். 'ஸ்பீக்கர்னே சொல்லிடுங்க. உங்களைத் திட்டுவா.' நானும் கோழையாக, ஆமாம், கடைக்கு எடுத்துப்போய்த்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று நாள் கடையைத் திறக்காமல் அதோடு மல்லுக்கட்டினேன். அழித்ததை மீட்கும் மென்பொருள்கள் எத்தனை உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன். பழைய வகை டிஸ்க்காக இருந்தால் அழித்த பிறகும் அதன் சுவடு கொஞ்ச நாள் இருக்கும், எப்படியாவது தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முந்தின வருஷம் நானேதான், வேகமாக ஓடும் என்று சொல்லிப் புது வகை டிஸ்க்கை மாற்றிக் கொடுத்திருந்தேன். அதில் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும். கோயம்புத்தூரில் இதற்கென்றே இருப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அங்கே பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதேன்.

அடித்ததைப் பேசிக் காட்டும் செயலி ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது போல ஒரு பெண் குரல். 'டீ வேண்டும்' என்றது. யாருங்க இந்தப் புள்ள நம்ம ஊட்டுக்குள்ள என்று அந்த அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரிப்பதற்காக வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அதன் பிறகு அந்தச் செயலியை அவர் தொடவில்லை.

வீட்டில் நான் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து என் மனைவி விசாரித்தபோது, அவர் குரல் அழிந்துபோனதை மட்டும் சொல்லியிருந்தேன். ஒரு நாள் சோறு போடும்போது அவள்தான் கேட்டாள்.

"எங்கிட்ட சண்டைன்னா மட்டும் பழைய பேச்சைப் போன்ல போட்டுக் காட்டுவீங்கல்ல? அவரு பேசுனது ஒண்ணுகூடவா இருக்காது?"

சொன்னதை மாற்றிப் பேசும் வாடிக்கையாளர்களுக்காக, எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும்படி போனில் வைத்திருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து தேடினேன். நடுவில் போன் மாற்றியதில் பழையதெல்லாம் போயிருந்தது. அவருடையது ஒன்றே ஒன்று இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம். ஒரு நிமிஷம், நாற்பது நொடி.

போட்டுக் கேட்டேன். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. "ஏனுங்க தம்பி, கம்ப்யூட்டர்ல பேசிப் பதிவு பண்ணோணுங்க. அதெப்படிங்க?" என்கிறார். நான் வழி சொல்கிறேன், படபடவென்று, அவர் இடையில் ஏதோ கேட்க வரும்போதே அவ்வளவுதாங்க, கடையில ஆள் நிக்கறாங்க என்று சொல்லிக்கொண்டு. என் குரலைக் கேட்க எனக்கே சகிக்கவில்லை. எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனால் அந்த அழைப்பின் நடுவில், அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் திரும்பி ஒன்று சொல்கிறார்.

"அம்மிணி, அடுப்புல பாலு பொங்குது பாரு."

ஆறு நொடி. அதை மட்டும் வெட்டி எடுத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரோடு அதையும் எடுத்துக்கொண்டு போனேன். நோட்பேடைத் திறந்து, இது ஒன்றுதான் கிடைத்தது, மன்னித்துவிடுங்கள் என்று அடித்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, ஒன்று என்று நான் பெயர் வைத்திருந்த அந்தக் கோப்பை அழுத்தினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்த அம்மா ஈரக்கையோடு வாசல்வரை வந்தார்.

"அடுப்புல பாலே வெக்கலீங்களே."

அவர் மறுபடியும் அழுத்தினார். அந்த அம்மா அங்கேயே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் வெளியே போய் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது நேரில் போக ஆரம்பித்தேன். பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார். அதில் ஒரே வரிதான். 1. எல்லாத்துக்கும். டீ வேண்டுமென்றாலும் பால் பொங்குவதுதான், மழை வந்தாலும் பால் பொங்குவதுதான். முன்னறையிலிருந்து அந்த ஒரே வாக்கியம் வரும், உள்ளேயிருந்து அந்த அம்மா, 'வர்றேனுங்க', 'துணிய எடுத்தாச்சுங்க', 'மாத்தர போட்டுட்டேனுங்க' என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்வார். எப்படி விளங்குகிறது என்று கேட்டதற்கு, நேரத்தைப் பார்த்தால் தெரியாதா என்றார். நாற்பத்தொரு வார்த்தை இருந்த வீட்டில் ஒன்றை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாசியில் வியாதி மறுபடியும் வந்து, அவர் போய்விட்டார். தூக்கிக்கொண்டு போகும்போது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அந்த அம்மா மறுபடியும் கடைப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். ஸ்பீக்கர் கெடவில்லை, நான்தான் அழித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே தெரியுமுங்க தம்பி. ஸ்பீக்கரு கெட்டதுக்கு அவரு அழுவாராங்க?"

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வந்த காரியம் வேறு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, டீ நேரத்தில், அவர் அந்தக் குரலைப் போடுவாராம். தனக்கு அந்த அம்பைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தத் தெரியவில்லை, கை நடுங்குகிறது. நான் போனிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுவேனே, நாலு மணிக்கு ஒரே ஒரு தடவை போட்டுவிட முடியுமா என்று கேட்டார். நேரம் குறித்துவிட்டால் தினமும் அதுவாகவே பேசும், ஐந்து நிமிஷ வேலை, நாளைக்கே வந்து செய்து தருகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதுவாக் கத்துனா நேரத்துக்கு ஊதற ஃபேக்டரிச் சங்காட்டத்தானுங்க தம்பி. யாராச்சும் ஒருத்தர் நெனச்சுப் போடோணுங்க."

அன்றிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்குக் கடையில் எத்தனை பேர் நின்றாலும் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போவேன். வண்டியில் போய்க்கொண்டிருந்தால் சிக்னல் இருக்கும் வளைவாகப் பார்த்து நிறுத்துவேன். அந்த அம்மா மூன்றே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டுவைத்திருப்பார். திரை என் கையில் வரும். ஒன்றை அழுத்துவேன். அங்கே பெரியவரின் குரல் கேட்கும், எனக்குக் கேட்காது. அதற்கு அந்த அம்மா என்ன பதில் சொல்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. திரைக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் இங்கிருந்து தெரியும் என்பதை நான் நன்றாகவே படித்துவிட்டேன்.

இப்போது யாருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாலும் முதலில் வெறும் நோட்பேடைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்தைப் பூட்டும் அந்த வசதியை அதன் பிறகு ஒருநாளும் தொட்டதில்லை.

எனக்காக அந்த அம்மா ஒன்று மட்டும் செய்கிறார். குரல் ஓடி முடிந்ததும், கேட்டுவிட்டேன் என்று சொல்வதற்காக, மவுஸின் மேல் கையை வைத்து லேசாக ஆட்டுவார். என் போனில் அம்புக்குறி இரண்டு தடவை நடுங்கும். அன்று ஒரு மனிதர் பதறிப்போய் ஆட்டியபோது எரிச்சலோடு நான் பூட்டி நிறுத்திய அதே அம்புக்குறிதான். இப்போது அது அசைவதைப் பார்க்காமல் நான் போனைக் கீழே வைப்பதில்லை.